நான்காவது மாடியும் ஒற்றைத் தும்மலும்

மந்தைவெளிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையின் இடப்பக்கப் பெஞ்சுதான் நாகராஜின் அலுவலகம். பெயர்ப் பலகை இல்லை, மேசை இல்லை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, சட்டைப் பையில் இரண்டு கைப்பேசிகள், பெஞ்சின் ஓரத்தில் சாய்த்து நிறுத்திய பழைய மொபெட் ஆகியவையே தொழிலுக்கான முதல். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோர் யாராயினும், 'ஹவுஸ் ப்ரோக்கர் நாகராஜ்' என்று விசாரித்தால் இந்தப் பெஞ்சுக்கே வந்து சேர்வார்கள்.

வீடு பார்க்க வருபவர்கள் முதலில் வாடகையைக் கேட்பார்கள் என்று நினைப்பது அனுபவம் இல்லாதவர்களின் எண்ணம் என்பார் அவர். முதல் கேள்வி வாசல் எந்தப் பக்கம் என்பது. இரண்டாவது, தெருக்குத்து உண்டா என்பது. வாடகை அதற்குப் பிறகுதான் வரும். நாகராஜுக்குத் தனிப்பட்ட முறையில் இவற்றில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்புகிறவர்களை வைத்துத்தான் பிழைப்பு என்பதால், ஒவ்வொரு நம்பிக்கைக்கும் உரிய மரியாதையை அவர் குறைவின்றிச் செலுத்தி வந்தார். ராகு காலம் தொடங்கும் முன் பூட்டைத் திறந்துவிடுவார். சுவரில் பல்லி கத்தினால், எந்தத் திசையிலிருந்து என்று வந்தவர் யோசிக்கும் முன்பே பலமாக இருமிவிடுவார். பூனை குறுக்கே போகும் சந்துகளை அவர் மொபெட் தவிர்த்தே செல்லும்.

இவற்றுள் சிறப்பாகச் சொல்ல வேண்டியது கபாலியுடன் அவர் செய்துகொண்ட ஏற்பாடு. கபாலி அப்பகுதி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுபவர். நாகராஜ் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், நிறைந்த கேனைத் தோளில் வைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து எதிரே நடந்து வருவார். நிறைகுடம் எதிர்ப்படுவது நல்ல சகுனம். பிளாஸ்டிக் கேன் நிறைகுடம் ஆகுமா என்ற ஐயத்தை இதுவரை எழுப்பியவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. "உள்ள கீறது தண்ணிதான சார், குடம் இன்னா பண்ணும்" என்று நாகராஜ் சொன்ன விளக்கத்தை அவர் சற்று நேரம் யோசித்து ஏற்றுக்கொண்டார்.

நாகராஜின் மனைவி பொன்மணி. ரவிக்கை தைப்பவர். மந்தைவெளியில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டின் வாசலில்தான் தையல் இயந்திரம் இருந்தது. சுற்றியுள்ள நான்கைந்து தெருப் பெண்களும் அளவு ரவிக்கையோடு அங்கே வருவார்கள். மகள் தீபிகா பன்னிரண்டாம் வகுப்பு. மாலையில் மூவரும் சாப்பிட உட்காரும்போது, அன்று வீடு பார்க்க வந்தவர் என்ன சொல்லி வேண்டாம் என்றார் என்பதை நாகராஜ் நடித்துக் காட்டுவார். குரல் மாற்றிப் பேசுவதில் அவருக்குத் திறமை உண்டு. பொன்மணி வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாமல் திணறுவார். இந்த வழக்கம்தான் பின்னால் நாகராஜுக்கு வினையாக வந்தது.

அந்த நடிப்புகளில் அதிகம் இடம்பெற்றது ஒரு குறிப்பிட்ட வீடு. மந்தைவெளியிலேயே ஒரு சிறு தெருவில், லிஃப்ட் உள்ள கட்டடத்தின் நான்காவது மாடி. வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார். காற்றும் வெளிச்சமும் உள்ள நல்ல வீடு. ஆனாலும் ஓராண்டாக யாரும் குடிவரவில்லை.

முதலில் பார்த்தவர் மயிலாப்பூர் விஜயலக்ஷ்மி மாமி. முழங்கால் வலி காரணமாக லிஃப்ட் உள்ள வீடாகத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து திசையைக் கணித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். "வாசல் தெக்கப் பாத்துன்னா இருக்கு நாகராஜ். எமன் திக்கு. தினம் கதவைத் தொறக்கறச்சே அவன் மூஞ்சியைப் பாத்துண்டா நிப்பா?"

அடுத்தவர் கிம். கொரியாவிலிருந்து வந்து வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் பொறியாளராக இருப்பவர். தமிழைத் தம் கார் ஓட்டுநரிடம் கற்றுக்கொண்டவர். லிஃப்டில் ஏறி, விளக்கு எரிந்த எண்ணைப் பார்த்ததும் முகம் மாறிற்று. "நாலா? வேணாம் நைனா. எங்க ஊர்ல நாலுன்னா சாவு. லிஃப்ட்ல கூட நாலு எழுத மாட்டாங்கோ."

மூன்றாவதாக, தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கும் பொன்ராஜ் அண்ணாச்சி, தம் மருமகனுக்காகப் பார்க்க வந்தார். அந்தி நேரம். கட்டடத்தின் பின்புறம் உள்ள தூங்குமூஞ்சி மரத்திலிருந்து வெள்ளை முகத்துடன் ஓர் ஆந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஆந்தை குடியிருக்க இடத்துல மனுசன் குடியிருப்பானாவே? எம் மவளக் கட்டிக் குடுத்துருக்கேன், கொன்னு போடச் சொல்லுதீரா?" என்று கேட்டுவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கினார்.

நான்காவதாக வந்த மௌசுமி, அடையாற்றில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரியும் வங்காளப் பெண். வீடு முழுவதும் பார்த்து, பிடித்துப்போய், பால்கனிக்கு வந்தார். கம்பியில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அவர் இங்குமங்கும் தேடினார். வேறு மைனா இல்லை. ஒற்றை மைனாவைப் பார்ப்பது தங்கள் ஊரில் துக்கத்துக்கு அடையாளம் என்று வருத்தத்துடன் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொருவர் போனபோதும் வீட்டுக்காரர் வாடகையைக் குறைத்தார். நாகராஜின் வீட்டில் சிரிப்பு கூடியது.

கார்த்திகை மாதத் தொடக்கத்தில், நாகராஜ் குடும்பம் இருந்த ஒற்றை அறை வீட்டின் உரிமையாளர் வந்து, தைப் பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும் என்றும், அதன்பின் இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகவும் சொன்னார். மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள். எனவே கார்த்திகை முடிவதற்குள் வேறு வீடு பிடித்தாக வேண்டும். பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்ட பொன்மணியின் அண்ணன் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். போனால் தீபிகா பொதுத்தேர்வு ஆண்டில் தினமும் இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்கு வர வேண்டும். பொன்மணியின் ரவிக்கைக்காரிகள் யாரும் அவ்வளவு தூரம் வரப்போவதில்லை. ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்த நாகராஜ், தம் கைக்கு எட்டும் வாடகையில் மந்தைவெளி முழுவதும் தேடினார். எட்டியது ஒரே ஒரு வீடு.

"நாலாவது மாடி வூட்ட நாமளே எடுத்துக்கலாம்னு கீறேன்" என்றார் ஒருநாள், தட்டைப் பார்த்தபடி.

பொன்மணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த வூடு?"

"அதான், அந்த வூடு. போய் ஒரு தபா பாத்துட்டு சொல்லு."

"நான் போய் பாக்கணுமா இன்னா? ஒரு வருசமா சோத்தோட சேத்து அந்த வூட்டத்தான துன்னுகினு கீறேன். வாசல்ல எமன், லிஃப்ட்ல சாவு, மரத்துல ஆந்தை, கம்பியில ஒத்த மைனா. மனுசன் இருக்க வூடா அது?"

"அதெல்லாம் அவங்கவங்க நம்பிக்கை மே. நமக்கு இன்னா?"

"நமக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சிரிச்சேன். சிரிச்சாலும் காதுல வாங்கிக்கினேன் இல்ல? வாங்குனது அங்கியேதான் கீது. பொண்ணு பரீச்ச எழுதுற வருசம்யா."

அப்போதுதான் நாகராஜுக்குச் சில விஷயங்கள் நினைவுக்கு வந்தன. "தெக்கு வாசல்னு சொன்னதுமே கிம் சாரு சூப்பர்னாரு. மௌசுமி மேடத்துக்கு அந்த ஆந்தைய ரொம்பப் புடிச்சிது. மாமி கூட ஜன்னல பாத்துட்டு இன்னாமோ நல்லதா சொன்னாங்கோ."

"இத்தினி நாளா இதெல்லாம் சொல்லவே இல்லியே."

"அதுல இன்னா காமெடி கீது? அதான் வுட்டுட்டேன்."

பொன்மணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "யோவ், ப்ரோக்கர் பேச்ச பெஞ்சோட வெச்சிக்கோ. வூட்ல வேணாம்."

தொழில்முறைப் பேச்சு வீட்டில் செல்லுபடியாகாது என்பது நாகராஜுக்குப் புது அனுபவம். கணிதப் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்த தீபிகாதான் வழி சொன்னாள். "அப்பா சொன்னா நீ நம்ப மாட்ட. சொன்னவங்களையே கேட்டுடலாம்ல?"

முதலில் விஜயலக்ஷ்மி மாமி வீடு. மாமிக்கு ரவிக்கை தைப்பவர் பொன்மணியே என்பதால், தைத்து முடித்த ஒன்றைக் கொடுக்கும் சாக்கில் இருவரும் போனார்கள்.

"அந்த ஆத்தையா? ஏன்டி கேக்கறே போ" என்றார் மாமி. "சமையலுள் ஜன்னல்லேந்து கோபுரம் அப்படியே தெரியறது. காபி கலந்துண்டே சேவிச்சுக்கலாம். கீழ் மாடி எதுலயும் தெரியாது, எதிர் பில்டிங் மறைச்சுடும். நாலாவதுலதான் தெரியும். வாசல் மட்டும் இப்படித் தெக்கப் பாத்து..."

நாகராஜ் பலமாக இருமினார்.

"இங்க பல்லி ஒண்ணும் கத்தல" என்றார் பொன்மணி.

மறுநாள் கிம்மை ஆழ்வார்பேட்டையில் அவர் வழக்கமாகக் காபி குடிக்கும் கடையில் பிடித்தார்கள். தெற்கு என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, எங்க ஊர்ல தெற்கு வூட்டுக்குத்தான் கிராக்கி. குளிர்ல சூரியன் நேரா உள்ள வரும். எங்க அப்பா வடக்கு பாத்த வூடு வாங்கினாரு. முப்பது வருசமா அம்மா திட்டிக்கினே கீது."

"இன்னான்னு திட்டுவாங்கோ?" என்று கேட்டார் பொன்மணி, வீட்டை மறந்து.

கிம் கொரிய மொழியில் சொல்லிக் காட்டினார். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் தொனி முழுவதும் புரிந்தது. பொன்மணி வாய்விட்டுச் சிரித்தார். கார்த்திகை பிறந்தபின் அவர் அப்படிச் சிரித்தது அதுவே முதல் முறை என்று நாகராஜ் சொல்கிறார். பொன்மணி அதை மறுக்கவில்லை.

மௌசுமியிடம் கைப்பேசியில் பேசினார்கள். நாகராஜ் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முன்பே அவர் கேட்ட கேள்வி, "ஆந்தை அங்கேயே இருக்குதானே?" என்பது. தம் ஊரில் லட்சுமியின் வாகனமே வெள்ளை ஆந்தைதான், அது தானாக வந்து தங்கிய வீட்டில் குறைவிருக்காது, தயவுசெய்து யாரும் விரட்டக் கூடாது என்று அவர் தெரிந்த தமிழில் கெஞ்சினார்.

பொன்மணி கைப்பேசியை வாங்கினார். "அந்த மைனா மேட்டரு இன்னா மேடம்?"

"ஒண்ணு பாத்தா துக்கம். ரெண்டு பாத்தா சந்தோஷம்."

"அப்ப ரெண்டாவது வர்ற வரைக்கும் கொஞ்சம் நின்னிருக்கலாமே?"

"கீழே ஆட்டோ வெயிட்டிங்" என்றார் மௌசுமி.

அன்று மாலை பொன்மணி தனியாகச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். சமையலறை ஜன்னலில் கோபுரத்தைப் பார்த்தார். கூடத்தில் எந்த மூலையில் தையல் இயந்திரம் போட்டால் தெற்கு வெளிச்சம் ஊசிமேல் விழும் என்று நின்று பார்த்தார். திரும்பி வந்து சாவியைக் கணவரின் இடுப்பில் தாமே மாட்டினார்.

"சரி. ஆனா ஒண்ணு. ஊருக்கு நீ பண்ற செட்டப்பு எதுவும் எனக்குப் பண்ணாத. கபாலி அந்தத் தெரு பக்கமே வரக்கூடாது. சகுனம் தானா அமைஞ்சா உள்ள போறேன். அமையலன்னா பெரும்பாக்கந்தான்."

தினசரி நாள்காட்டியைப் பார்த்து, கார்த்திகையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் காய்ச்சுவதாக முடிவாயிற்று. எட்டரை மணியோடு நல்ல நேரம் முடிகிறது. அதன்பின் மாதத்தில் நல்ல நாள் இல்லை. எனவே அன்று உள்ளே போவதா, பெரும்பாக்கம் போவதா என்பதே கேள்வி.

அந்த ஞாயிறு, முந்தைய இரவு மழை பெய்து குளிர்ந்திருந்தது. நான்காவது மாடி நடைக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மாமி வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் கொண்டுவந்திருந்தார். கடைகளுக்குச் சாம்பிராணிப் புகை போடும் குலாம் ரசூலைப் பொன்மணியே அழைத்திருந்தார். லைனிங் துணி வாங்கும் கடையில் வெள்ளிதோறும் பார்த்துப் பழக்கம். அவர் தூபக்காலில் கனலை ஊதிக்கொண்டு ஓரமாக நின்றார். கிம் இரண்டு பெரிய பொட்டலங்களோடு லிஃப்டிலிருந்து வெளிவந்தார். நான்காவது மாடி என்பதால் கண்ணை மூடிக்கொண்டே ஏறி வந்ததாகச் சொன்னார்.

ஒரு பொட்டலத்தில் கழிவறைக் காகிதச் சுருள்கள். மற்றொன்றில் சலவைத்தூள்.

"கிரகப்பிரவேசத்துக்கா?" என்றார் மாமி மெதுவாக.

"எங்க ஊர்ல புது வூட்டுக்கு இதான் குடுக்கணும். பேப்பர் மாதிரி எல்லாம் சிக்கல் இல்லாம நீளமா வரணும். சோப்பு நுரை மாதிரி காசு பொங்கி வழியணும்."

பொன்மணி கையிலிருந்த பால் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு சலவைத்தூளைப் பார்த்தார். "நாங்க பால்ல பண்றத நீங்க சோப்புல பண்றீங்கோ" என்றார். "உள்ள வைங்க சார். மொதல்ல அதுதான் போவணும்."

தீபிகா கையில் விளக்கு. பொன்மணி பால் பாத்திரத்துடன் நிலைப்படிக்கு நேரே நின்று வலது காலைத் தூக்கினார்.

நாகராஜ் தும்மினார்.

ஒரே ஒரு தும்மல். குளிர் காற்று, புதுச் சுண்ணாம்பு வாசனை, முந்தைய நாள் சாமான் மூட்டை கட்டியபோது ஏறிய தூசி என்று காரணம் பலவாக இருக்கலாம். பொன்மணியின் கால் தூக்கிய இடத்திலேயே நின்று, பின் வெளியிலேயே இறங்கிற்று.

"ஒத்தத் தும்மல்" என்றார் மாமி, யாருக்கும் கேட்காத குரலில். எல்லோருக்கும் கேட்டது.

"தும்மினா நாங்க அல்ஹம்துலில்லா சொல்லுவோம்மா" என்றார் குலாம் ரசூல். "நல்லதுதான் அது."

"ஒங்களுக்கு நல்லது பாய். எங்களுக்கு ஒண்ணு ஆகாது. ரெண்டா வந்தா பரவால்ல." பொன்மணி கணவர் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு வருதாயா?"

நாகராஜ் மூக்கைச் சுருக்கினார். விரித்தார். ஊருக்கெல்லாம் எத்தனையோ சகுனங்களை ஏற்பாடு செய்த மனிதர், தமக்கென்று ஒரு தும்மலை வரவழைக்க முடியாமல் நின்றார். கிம் கையிலிருந்த மற்றப் பொட்டலத்தைக் கிழித்து, மூக்கைத் துடைக்க ஒரு சுருளை நீட்டினார். "தொடைக்காதீங்க மாமா" என்று மாமியுடன் வந்திருந்த சிறு பெண் எச்சரித்தாள். மணி எட்டேகாலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"போறதா இருந்தா போ மே. இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றார் நாகராஜ். ஆனால் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

குலாம் ரசூல் தொண்டையைச் செருமினார். "புகை போடத்தான கூப்ட்டீங்கோ. வாசல்லேந்து ஆரம்பிக்கிறது வழக்கம்." ஒரு பிடி சாம்பிராணியைக் கனலில் போட்டு, நிலைக்கு இடமும் வலமும் புகையைக் காட்டினார். பிறகு மயில்பீலிக் கட்டை எடுத்து விசிறினார். விசிறிய திசையில் நிலைப்படி இல்லை, நாகராஜ் இருந்தார்.

தீபிகா அம்மாவைப் பார்த்தாள். செட்டப்பு எதுவும் கூடாது என்று சொன்னவர் பொன்மணி. அவர் அப்போது நடைக்கூடத்து ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில் காயும் துணிகளை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகைக்குள்ளிருந்து இரண்டாவது தும்மல் வந்தது. கட்டடமே கேட்டிருக்கும்.

"ரெண்டு" என்றாள் தீபிகா.

"தானாத்தான வந்திச்சி?" என்று கேட்டார் பொன்மணி, ஜன்னலிலிருந்து திரும்பி.

"தானாத்தாம்மா" என்றார் குலாம் ரசூல், மயில்பீலியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

இதற்குள் நாகராஜின் மூக்கு மீண்டும் மேலேறத் தொடங்கியிருந்தது. கண்கள் சொருகின. வாய் திறந்தது. மூன்றாவது வந்தால் கணக்கு என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. பொன்மணி அந்த முகத்தைப் பார்த்தார். சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு, வலது காலை வைத்து, பால் சிந்தாமல் ஒரே எட்டில் உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது தும்மல் அதன் பிறகே விழுந்தது.

"அது நான் உள்ள வந்தப்புறம்" என்று சமையலறையிலிருந்து அவர் குரல் கேட்டது. "சேத்தி இல்ல."

பால் எட்டரைக்குள் பொங்கி, அடுப்பின் கிழக்குப் பக்கம் வழிந்தது. நுரையைக் கண்டதும் கிம் கைதட்டினார். மாமி ஜன்னலில் கோபுரத்தைச் சேவித்தார். பால்கனியில் மைனா வந்து உட்கார்ந்தது, ஒற்றையாக. தீபிகா சிறிது அரிசியைத் தூவிவிட்டுக் காத்திருந்தாள். இரண்டாவது மைனா வந்ததும் படம் எடுத்து மௌசுமிக்கு அனுப்பினாள். கீழே ஆட்டோ ஏதும் காத்திருக்கவில்லை.

இப்போது தையல் இயந்திரம் தெற்கு வெளிச்சத்தில் ஓடுகிறது. ரவிக்கைக்காரிகள் லிஃப்டில் ஏறி வருகிறார்கள். பொன்ராஜ் அண்ணாச்சி மட்டும் இன்றுவரை மேலே வரவில்லை. கைப்பேசியில் அழைத்து, "ஆந்தை போயிட்டாவே?" என்று கேட்பார். "லட்சுமி வெளிய போய்க்கீது அண்ணாச்சி, ஆறு மணிக்கு வந்துடும்" என்று பொன்மணி பதில் சொல்வார்.

நாகராஜ் இவை எதிலும் நம்பிக்கை இல்லாதவராகவே தொடர்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை, அடையாற்றில் ஒரு வீட்டைக் காட்டப் புறப்பட்டவர், நிலைப்படி அருகே ஒருமுறை தும்மினார். வெளியே போகாமல் அங்கேயே நின்றார்.

"இன்னாயா, நின்னுட்ட?" என்றார் பொன்மணி, தைப்பதை நிறுத்தாமல்.

"ஒண்ணுமில்ல. செருப்பத் தேடிக்கினு கீறேன்."

செருப்பு காலில் இருந்தது.